கலைவிழாக் கண்காட்சி, வீடியோ: ரெஜிபோம் கோபுரம் தவிர வேறு என்ன செய்யலாம்?

விழாப்பொறுப்பு ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். திருமலை (திருகோணமலை) நகருக்குள் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இந்த முறை கலைவிழாப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மேடை நிகழ்ச்சிகளைப் பற்றிக் கவலை இல்லை, நடன ரீச்சரும் சங்கீத சேரும் பார்த்துக்கொள்வார்கள். எனக்குத் தந்திருப்பது ஆறு வகுப்பறைகளில் கண்காட்சி, அதோடு விழாவைத் தொடக்கிவைக்க ஐந்து நிமிட வீடியோ.

வழக்கமாக நடப்பது உங்களுக்கும் தெரியும். ஒரு மேசையில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் வெட்டிய கோணேசர் கோயில் கோபுரம். அடுத்த மேசையில் உரல், உலக்கை, சுளகு, குத்துவிளக்கு. சுவரில் பிறிஸ்டல் போட்டில் எழுதி ஒட்டிய கட்டுரை. பிரதம விருந்தினர் வருவார், நாடா வெட்டுவார், தலையை ஆட்டிக்கொண்டு போவார். பிள்ளைகள் ஒரு வாசலால் போய் மறு வாசலால் வர இரண்டு நிமிடம் பிடிக்காது. கட்டுரையை எழுதிய பிள்ளையைத் தவிர வேறு யாரும் அதை வாசித்து நான் காணவில்லை.

கையில் இருப்பது ஒரு மல்ரிமீடியா புரொஜெக்டர், அபிவிருத்திச் சங்கம் தருவதாகச் சொன்ன சிறு தொகை, தரம் 6 முதல் 13 வரையான பிள்ளைகள். சைவம், இஸ்லாம், கிறிஸ்தவம் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விழா வாடை மழை பிடிக்க முன்னம். "பாரம்பரியத்தைப் பேணுவோம்" என்ற மாதிரித் தலைப்புகள் வேண்டாம், அவை என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எதை வைத்து, எப்படிச் செய்வது என்று சொன்னால் புண்ணியம்.

மடத்தடியான்:

ரீச்சர், கோணேசரை விட்டுவிடாதீர்கள். கோபுரத்தை மட்டும் விடுங்கள். அந்தக் கதையில் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் பகுதி கடலுக்குள் இருக்கிறது. போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள், கற்கள் கோட்டைக்குப் போயின, மிச்சம் கடலுக்குள் போயிற்று. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமிமலைக்குக் கீழே மூழ்கி அந்த இடிபாடுகளைக் கண்டு படம் எடுத்தார்கள். இதை அப்படியே ஓர் அறையாக்கலாம்.

ஜன்னல்களுக்கு நீலக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். தரையில் படங்கு விரித்து, மேலே கடற்கரை மணல். நாலைந்து தூண்துண்டுகள், செதுக்கிய கற்கள், பாசி மாதிரிப் பச்சை நூல், கிழிந்த வலை. வருகிறவர் கையில் ஒரு ரோச் லைட்டைக் கொடுத்து, "இதற்குள் ஏழு செதுக்கல்கள் இருக்கின்றன, கண்டுபிடியுங்கள்" என்று விட்டுவிடுங்கள். ஒருவரும் இரண்டு நிமிடத்தில் வெளியே வரமாட்டார்கள். அதில் ஒன்று இணைக்கயலாக இருக்கட்டும். பிறகு கோட்டை வாசலால் கோயிலுக்குப் போகும்போது கற்தூணில் அதே இரண்டு மீன்களைக் காணும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். நம் ஊரில் எத்தனை பேர் மான்களைப் பார்த்துக்கொண்டு அந்தத் தூணைப் பாராமலே போகிறோம்!

கற்கள் ரெஜிபோமில்தான். ஆனால் ஸ்பிரே பெயின்ற் அடிக்க வேண்டாம், ரெஜிபோம் உருகிக் குழியாகிவிடும். சீமெந்துத் தூளைப் பைண்டர் கம்மில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் அசல் கருங்கல்.

தரம்12 கலைப்பிரிவு:

ரீச்சர், நாங்கள் பேய்வீடு வைக்கலாமா? எல்லாருக்கும் அதுதான் ஆசை. சேர்மாரிடம் கேட்டால் "அது கலாசாரமா?" என்று கேட்கிறார்கள்.

யப்பானில் ஒரு திருமலையான்:

தம்பியோ தங்கச்சியோ, உங்கள் சேர்மாரிடம் சொல்லுங்கள், யப்பானில் பாடசாலைக் கலாசார விழாவில் பேய்வீடு இல்லாத இடம் குறைவு. இங்கே அதற்குப் பெயர் புன்கசாய். பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும். நவம்பர் 3ஆம் திகதி நாட்டுக்கே கலாசார நாள், விடுமுறை. விழாவன்று ஒவ்வொரு வகுப்பும் தன் அறையை முழுதாக வேறோர் இடமாக மாற்றிவிடும். ஒரு வகுப்பு தேநீர்க்கடை, ஒரு வகுப்பு புதிர் அறை, ஒரு வகுப்பு பேய்வீடு. மேசை கதிரையெல்லாம் வெளியே போய்விடும், அல்லது மேசைகளை அடுக்கிக் கறுப்புத் துணி போட்டுச் சந்துபொந்து ஆக்கிவிடுவார்கள். ஆசிரியர் ஓரமாக நிற்பார், அவ்வளவுதான்.

பேய்வீடு வைப்பதென்றால் எலும்புக்கூடு, சிவப்பு மை வேண்டாம். அதை எவரும் செய்வார். கொள்ளிவாய்ப் பேய், காடேறி, மோகினி, உச்சி வெயிலில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று அம்மம்மா வெருட்டியது, இவையெல்லாம் நம்முடைய சொத்து. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக் கிழவியிடம் ஒரு பேய்க்கதை கேட்டு வரட்டும். எந்த மரம், எந்த ஒழுங்கை, என்ன நேரம் என்று குறித்துக்கொண்டு வந்தால், ஊர் வரைபடம் ஒன்றில் பேய் இருக்கும் இடங்களைக் குத்தலாம். வெளியே வரும் வழியில் அந்த வரைபடம். உள்ளே பயந்தவர் வெளியே வந்து, "எங்கள் ஒழுங்கையிலுமா?" என்று தேடுவார்.

இன்னொன்று, இங்கே அடிக்கடி காணும் வேலை: மொசைக். பள்ளிக்கூடம் முழுக்கச் சேர்ந்து ஒரு பெரிய படம். கணக்கைச் சொல்கிறேன். 10 சென்றிமீற்றர் சதுரத் தாள் 300, ஒவ்வொன்றிலும் 2 சென்றிமீற்றர்க் கட்டம் 25. அகலத்துக்கு 20 தாள், உயரத்துக்கு 15 தாள் ஒட்டினால் 2 மீற்றருக்கு 1.5 மீற்றர்ப் படம், மொத்தம் 7500 கட்டம். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். பின்பக்கம் இலக்கம், முன்பக்கம் எந்தக் கட்டத்துக்கு என்ன நிறம் என்ற குறிப்பு. நிறத்துக்குப் பழைய சஞ்சிகை, கலண்டர், பிஸ்கற் உறை போதும், காசு இல்லை. என்ன படம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. விழா அன்று காலை மாடிச் சுவரில் இறக்கும்போதுதான் அவர்களும் பார்க்க வேண்டும். தன் தாள் எந்த மூலையில் என்று ஒவ்வொருத்தரும் தேடுவதைத்தான் வீடியோ எடுக்க வேண்டும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

பேய்வீட்டுக்கு எதிர்ப்பில்லை. ஒரு சொல் மட்டும். திடீரென்று வெடிச்சத்தம் போடுவது, இருட்டில் அலை இரைந்து வருகிற மாதிரி ஒலி விடுவது, இரண்டும் வேண்டாம். பார்க்க வருவது பிள்ளைகள் மட்டுமல்ல. தாய் தகப்பனும் அப்பம்மாக்களும் வருவார்கள். நம் ஊரில் எந்தச் சத்தம் யாருக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று சொல்ல முடியாது. 2004 மார்கழிச் சுனாமியைக் கடற்கரையில் கண்டவர்கள் இருக்கிறார்கள். நீல அறையிலும் இரைச்சல் வேண்டாம், தண்ணீர்க் குமிழிச் சத்தம் போதும்.

இன்னும் ஒன்று, காசு. முன்பு ஒரு பாடசாலையில், பெயர் வேண்டாம், வகுப்புக்கு வகுப்பு போட்டி வைத்து, கடைசியில் பெற்றாரே கடையில் ஓடர் கொடுத்துச் செய்து கொண்டுபோய் வைத்தோம். பரிசும் அதற்கே கிடைத்தது. வீட்டில் காசு இல்லாத பிள்ளை மூலையில் நின்றது. "கடையில் வாங்கிய பொருளுக்குப் புள்ளி இல்லை" என்று முதலே அறிவித்துவிடுங்கள் ரீச்சர்.

விழாப்பொறுப்பு ரீச்சர்:

இரண்டையும் குறித்துக்கொண்டேன் அக்கா. புள்ளி விஷயத்தை அதிபரிடமும் சொல்லிவிட்டேன், ஓம் என்றார்.

பேய் வரைபடம் நன்றாகப் பிடித்திருக்கிறது. எங்கள் ஸ்ராஃப் ரூமிலேயே மூன்று கதை உடனே கிடைத்துவிட்டது.

கிண்ணியா சேர்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஒலியைப் பற்றிச் சொல்ல வருகிறேன். கண்காட்சி என்றால் எல்லோரும் கண்ணுக்குத்தான் காட்டுகிறார்கள். காதுக்கு ஓர் அறை கொடுத்துப் பாருங்கள்.

செய்முறை எளிது. ஏழு மண்பானை எடுங்கள், வாய் குறுகியதாக. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பழைய போனை, ஏரோபிளேன் மோட்டில் போட்டு, ஒரே ஒலிப்பதிவு திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து, துணி சுற்றி இறக்கிவிடுங்கள். பானையின் வாயில் காதை வைத்தால்தான் விளங்கும். தள்ளி நின்றால் முணுமுணுப்பு. பிள்ளைகள் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரை உடைந்து வீட்டில் சும்மா கிடக்கும் போன் இதற்குக் காணும். ஸ்பீக்கர் வேலை செய்தால் சரி.

பானைக்குள் என்ன? கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டு ஒன்று. நோன்புக் காலத்தில் பக்கீர்மார் பாடும் பைத் ஒன்று, றபான் மேளத்தோடு. கோயில் உடுக்குச் சத்தம். நத்தார் ஒளிவிழாவுக்குப் பிள்ளைகள் பழகும் பாட்டு. ஐந்தாவது ஆறாவது பானைக்குத் தாலாட்டு: ஒரு முஸ்லிம் வீட்டு உம்மம்மா பாடுவது, ஒரு சைவ வீட்டு அம்மம்மா பாடுவது. பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மெட்டு எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று கேட்கிறவர் சொல்லட்டும், நாம் எழுதி ஒட்டத் தேவையில்லை.

ஏழாவது பானைக்கு எனக்கு ஓர் ஆசை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர். இப்போதைய பிள்ளை பஸ்ஸில் ஏறிக் கண்மூடித் திறக்கமுன் கடந்துவிடும். அதற்கு முன்னம் பாதை, அதாவது தண்ணீரைக் கடக்க ஏற்றிப்போகும் மிதவை. வாகனமும் ஆளும் ஆடும் மாடும் ஒன்றாகப் பாதையில் ஏறிப் போன காலம். அதில் போனவர்களிடம் ஆளுக்கு ஒரு நிமிடம் பேச்சு வாங்குங்கள்.

இதில் கேள்விதான் முக்கியம். "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "அது ஒரு பொற்காலம் மகன்" என்பார்கள், அதோடு சரி. "பாதை வராத அன்றைக்கு என்ன செய்தீர்கள்?", "பாதைக்கு நின்ற நேரம் என்ன வாங்கிச் சாப்பிட்டீர்கள்?", "பிள்ளை வயிற்றுக்காரியை எப்படிக் கொண்டுபோனீர்கள்?" இப்படிக் கேட்டால் கதை தானாக வரும். கேட்கிற பிள்ளை இடையில் "ஓம், ஓம்" என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டப் பழக்குங்கள். பதிவில் அந்த "ஓம்" கேட்டுக்கொண்டே இருக்கும், வெட்டவும் முடியாது.

தரம்12 கலைப்பிரிவு:

சேர், கியூஆர் கோட் ஒட்டினால் என்ன? ஸ்கான் பண்ணிக் கேட்கலாமே.

கிண்ணியா சேர்:

ஒட்டலாம் மகள். ஆனால் வருகிறவருக்கு டேட்டா வேண்டும், சிக்னல் வேண்டும், போன் வேண்டும். உங்கள் பாடசாலையில் பிள்ளைகள் போன் கொண்டுவரவும் ஏலாது. விழா முடிந்த பிறகு வீட்டில் கேட்க விரும்புகிறவர்களுக்கு வாசலில் ஒன்று ஒட்டிவிடுங்கள். அறைக்குள் பானைதான்.

உப்புவெளி வீடியோ:

நான் கலியாண வீடியோ எடுப்பவன். ரீச்சர் கேட்ட ஐந்து நிமிட வீடியோவுக்கு வருகிறேன்.

முதலாவது, ஐந்து வேண்டாம், மூன்று நிமிடம். மண்டபத்தில் பிள்ளைகள் சத்தம் போடும் நேரம் அது. பின்னணியில் ஒருவர் கனத்த குரலில் "பழம்பெருமை வாய்ந்த திருகோணமலை" என்று வாசிக்கும் வீடியோவை இந்தத் தொழிலில் நான் எத்தனையோ தரம் வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒருவரும் பார்ப்பதில்லை. பேச்சே இல்லாமல் எடுங்கள்.

யோசனை ஒன்று: கைகள் மட்டும். முகமே வராது. விடியப்புறம் கோலம் போடும் கை, பிட்டு மாவைக் கொத்தும் கை, வலையில் முடிச்சுப் போடும் கை, றபான் தட்டும் கை, மெழுகுதிரி கொளுத்தும் கை, தயிர்ச்சட்டிக்கு மேல் தாள் கட்டும் கை. ஒரு கையின் அசைவு முடியும் இடத்தில் அடுத்த கையின் அசைவு தொடங்க வேண்டும். ஆட்டுக்கல் சுற்றும் கையை வெட்டிச் சைக்கிள் பெடலுக்குப் போகலாம், அதை வெட்டிக் கயிறு திரிக்கும் கைக்குப் போகலாம். எல்லாம் வட்டம். ஒவ்வொரு துண்டும் மூன்று செக்கனுக்கு மேல் வேண்டாம். இதில் இன்னொரு வசதி, சில வீடுகளில் பெண்பிள்ளைகளின் முகம் வீடியோவில் வருவதை விரும்பமாட்டார்கள். கை மட்டும் என்றால் எல்லாப் பிள்ளையும் பங்குபற்றலாம். ஆனாலும் வீட்டில் ஒரு சொல் கேட்டுவிட்டே எடுங்கள்.

யோசனை இரண்டு: பின்னோக்கி ஓடும் வீடியோ. முற்றத்தில் பெரிய கோலம் ஒன்று போட்டு, போனை மேலே அசையாமல் கட்டிவிட்டு, ஒரு பிள்ளை விளக்குமாற்றால் அதைக் கூட்டி அழிப்பதை எடுங்கள். கப்கட் செயலியில் ரிவேர்ஸ் போட்டால் விளக்குமாறு கோலம் போடும்! விளக்குமாற்றை வைத்து அழிக்கும் பிள்ளை பின்பக்கமாக நடந்து போக வேண்டும், அப்போதுதான் திருப்பும்போது முன்னுக்கு நடந்து வரும். இதை வீடியோவின் முதல் பத்துச் செக்கனில் போடுங்கள், மண்டபம் அமைதியாகும்.

சின்னப் பிள்ளைகளுக்கு: மணல் தட்டில் கடதாசித் தோணி, நூல் வலை, தாள் மீன். ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுக்க வேண்டும். ஒரு செக்கனுக்கு 12 படம் என்றால் அரை நிமிடத்துக்கு 360 படம். பயப்பட வேண்டாம், தரம் 6 பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடப் பொறுமை உண்டு. போனைக் கட்டிவைத்த இடத்திலிருந்து ஒருவரும் தட்டாமல் இருந்தால் போதும்.

கடற்கரையில் எடுப்பவர்களுக்கு: நமக்குச் சூரியன் கடலில் இருந்து எழும்புவதால் காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் ஆள் கறுப்பாகத்தான் வரும். அது வேண்டுமென்றால் சரி, வடிவான நிழலுரு. முகமும் நிறமும் வேண்டுமென்றால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு போங்கள், வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் படம் மங்கி மங்கித் தெளியும். காற்று மைக்கைக் கொன்றுவிடும். இன்னொரு போனை வலைக்காரரின் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டு ஒலியை மட்டும் தனியாக எடுங்கள். தொடங்கும்போது ஒரு கைதட்டு, இரண்டையும் பொருத்த அது உதவும்.

ட்ரோன் பற்றி யாராவது கேட்பார்கள் என்று தெரியும். அனுமதி இல்லாமல் கனவிலும் நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் கடற்படைத்தளம், மறுபக்கம் சீனக்குடா விமானப்படை. கோட்டைக்குள்ளும் படையினர் இருக்கிறார்கள். தரையில் நின்று எடுப்பதற்கே எங்கே எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு எடுங்கள். யூடியூப்பில் பிறகு போடுவதென்றால் சினிமாப் பாட்டும் வேண்டாம், ஒலியை முடக்கிவிடும் அல்லது வீடியோவையே தூக்கிவிடும். கிண்ணியா சேரின் பானைக்குள் இருக்கும் சத்தங்களையே இசையாகப் போடுங்கள்.

டொக்யார்ட் வீதி:

எல்லாம் சரி. கை, பானை, பேய். வரலாறு எங்கே? பெரியகுளத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி இருக்கிறது, சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளோடு ஒரு பௌத்தப் பள்ளி. 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி பிடிபட்டது நம் கொட்டியாரக்குடாவில். 1895இல் வந்த மோகனாங்கி நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருமலைக்காரர். 1942 ஏப்ரல் 9 யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டன. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பிட்டு அவிப்பதைக் காட்டினால் பிள்ளைகள் எதைப் படிப்பது? கட்டுரையை யாரும் வாசிப்பதில்லை என்றால் வாசிக்கப் பழக்க வேண்டும்.

மடத்தடியான்:

ஐயா, நீங்கள் சொன்ன பட்டியல்தான் போன வருஷம் பிறிஸ்டல் போட்டில் இருந்தது.

டொக்யார்ட் வீதி:

இருந்தால் என்ன தம்பி? உண்மை உண்மைதானே.

கிண்ணியா சேர்:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது, சண்டை வேண்டாம். ஐந்தையும் வைக்காமல் ஒன்றை எடுத்து ஓர் அறை முழுக்க வையுங்கள். நொக்ஸையே எடுக்கலாம். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த வந்து, 1660இல் தகப்பனும் மகனுமாக மூதூர்ப் பக்கத்தில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். பிடிபட்டபோது மகனுக்கு 19 வயது. தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தார். பொருள் விற்கிற ஆள் மாதிரி ஊர் ஊராகத் திரிந்து வழி பார்த்தார். 1679இல் கூட்டாளி ஒருவரோடு அனுராதபுரம் தாண்டி, அருவியாற்றின் ஓரமாகவே காட்டுக்குள்ளால் நடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

இதைவிடத் தப்பிக்கும் அறைக்கு வேறென்ன கதை வேண்டும்? யப்பான் தம்பி சொன்ன புதிர் அறை இதுதான். ஐந்து பேர் உள்ளே போக வேண்டும். கதவு சாத்தப்படும், பூட்டத் தேவையில்லை. ஒரு மூலையில் பின்னல் தொப்பி, அதற்குள் முதல் துப்பு. ஒரு மூலையில் நெல் மூட்டை, கொத்தால் சரியாக அளந்து கொட்டினால் அடியில் இரண்டாவது துப்பு. சுவரில் எழுத்தில்லாத ஆற்று வரைபடம், எந்த ஆறு கடலுக்கு எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடித்தால் மூன்றாவது. பதினைந்து நிமிடத்துக்குள் அரிப்புக்கு வராதவர்கள் கண்டிக்குத் திரும்ப வேண்டும். ஐயா விரும்புகிற வாசிப்பும் இதில் இருக்கிறது. துப்பை வாசிக்காமல் வெளியே வர முடியாது.

தம்பலகாமம் அக்கா:

நெல் அளக்கிற வேலைக்கு நான் ஆள் தருகிறேன். கொத்தும் மரைக்காலும் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கின்றன.

உரல் உலக்கை மேசையைப் பற்றியும் ஒரு சொல். அதை மேசையில் ஏற்றுவதே பிழை. தரையில் வையுங்கள், பக்கத்தில் ஊறவைத்த அரிசி ஒரு சுண்டு, ஒரு அரிதட்டு. வருகிற பிள்ளை இடிக்கட்டும். கை மாற்றி மாற்றி இரண்டு பேர் ஒரே உரலில் இடிப்பதற்குத் தாளம் வேண்டும். அது பிடிபடும்வரை உலக்கை உலக்கையில் முட்டும், சிரிப்பார்கள், பிறகு தாளம் வந்துவிடும். இடித்த மாவைப் பின்னேரம் பிட்டு அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுத்துவிடலாம். கால்விரல் கவனம், செருப்போடு இடிக்கச் சொல்லுங்கள். எங்கள் அம்மா கேட்டால் ஏசுவார், இருந்தாலும் பாடசாலையில் அதுதான் பாதுகாப்பு.

மடத்தடியான்:

ஐயாவின் கல்வெட்டுக்கும் வழி இருக்கிறது. களிமண் பலகையில் பழைய தமிழ் எழுத்துகளைக் கீறிக் காயவையுங்கள். மெல்லிய தாளை மேலே வைத்துக் கரித்துண்டால் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறும். தன் பெயரின் முதல் எழுத்தைச் சோழர் கால எழுத்தில் தேய்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். உண்மையான கல்லில் போய்த் தேய்க்கக் கூடாது என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அதுதான் வாசிக்க வேண்டிய ஒரே பிறிஸ்டல் போட்.

டொக்யார்ட் வீதி:

அது நல்லது. எழுத்துகளைச் சரிபார்க்க என்னைக் கூப்பிடுங்கள். பிழையான எழுத்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

கரண்ட் போனால்? நீல அறை, பானை, வீடியோ எல்லாம் கரண்ட் விஷயம்.

உப்புவெளி வீடியோ:

பானைக்குள் போன் பற்றரியில் ஓடும். நீல அறைக்கு வெயிலும் ரோச்சும். மல்ரிமீடியா மட்டும்தான் சிக்கல். அதற்குப் பதில் ஒன்று தயாராக இருக்கட்டும்: நிழற்கூத்து. இரண்டு வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்துக் கட்டி, பின்னால் ஒரே ஒரு பலமான ரோச். இரண்டு ரோச் வைத்தால் நிழல் இரண்டாகப் பிரியும். உருவம் வேட்டிக்குக் கிட்ட இருந்தால் கூர்மை, ரோச்சுக்குக் கிட்ட வந்தால் பூதம் மாதிரிப் பெரிதாகும். வடமோடிக் கூத்தில் வரும் முடியும் கூடை மாதிரி விரிந்த கரப்புடுப்பும் நிழலில் நன்றாக எடுபடும். உண்மையைச் சொன்னால் கரண்ட் இருந்தாலும் இதைச் செய்யலாம், வீடியோவைவிட இதுவே எனக்கு விருப்பம். என் பிழைப்புக்கு எதிராகக் கதைக்கிறேன் போல!

விழாப்பொறுப்பு ரீச்சர்:

நேற்று ஸ்ராஃப் ரூமில் இருந்து கணக்குப் பார்த்தோம். முடிவைச் சொல்கிறேன்.

முதல் அறை கடலடி. இரண்டாவது பானைகள். மூன்றாவது நொக்ஸ், இதைத் தரம் 10, 11 பிள்ளைகள் கேட்டு வாங்கிவிட்டார்கள். ஏ.எல். கலைப்பிரிவுக்குப் பேய்வீடும் வரைபடமும், அந்த அறையில் ஆசிரியர் ஒருவர் எந்நேரமும் நிற்பார். ஐந்தாவது கல்வெட்டு, ஐயாவின் மேற்பார்வையில். ஆறாவது அறையில் ஒன்றும் இல்லை. உரல் வெளியே வேப்பமரத்தடிக்குப் போகிறது, இடிக்கிற சத்தம் மற்ற அறைகளைக் குழப்பும் என்று சங்கீத சேர் சொன்னார். வெறுமையான அறையில் வேட்டித் திரை. மொசைக் இந்த முறை இல்லை, 7500 கட்டத்துக்கு நாள் போதாது. கன்னியாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தெர்மோமீற்றரால் ஏழு கிணற்றையும் அளக்கலாம் என்று விஞ்ஞான ரீச்சர் சொன்னார். அதை அவருடைய விஞ்ஞான தினத்துக்கே விட்டுவிட்டோம்.

வீடியோ மூன்று நிமிடம், கைகள் மட்டும், தொடக்கத்தில் விளக்குமாற்றுக் கோலம். போட்டியும் இல்லை, புள்ளியும் இல்லை என்று அதிபர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பிரதம விருந்தினர் உரை ஐந்து நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சிடலாமா என்று கேட்டேன், அதற்கு மட்டும் ஓம் சொல்லவில்லை.

இப்போது வேண்டியது: உடைந்த திரை போன்கள், வாய் குறுகிய பானை, ஒரு நல்ல ரோச். அம்பாப் பாட்டுப் பாட ஆள் வேண்டும். பதிவு செய்த பாட்டு வேண்டாம், வலை இழுத்த ஒருவரே பாட வேண்டும்.

தரம்12 கலைப்பிரிவு:

ரீச்சர், என் சித்தப்பா கரைவலைக்குப் போனவர், நன்றாகப் பாடுவார். ஆனால் பாட்டின் நடுவில் சில வரிகள் பாடசாலைக்குச் சரிவராது. அதை எடுத்துவிட்டுப் பாடச் சொல்லிக் கேட்டேன்.

விழாப்பொறுப்பு ரீச்சர்:

என்ன சொன்னார்?

தரம்12 கலைப்பிரிவு:

அந்த வரியை எடுத்தால் வலை வராதாம்.

விழாப்பொறுப்பு ரீச்சர்:

சரி, முழுதாகவே பாடட்டும். உப்புவெளித் தம்பி, அந்த இடத்தில் கடல் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.